ஒலிவ எண்ணெயின் விலை

ஒலிவம் தமிழில் மூன்று பெயர்களோடு வாழ்கிறது. விவிலியத்தைத் தமிழில் படித்தவர்களுக்கு அது ஒலிவமரம். குர்ஆன் மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுக்கு ஸைத்தூன். கடை அலுமாரியின் முன் நிற்பவர்களுக்கு ஆலிவ். இலக்கிய வாசகர்களான நம்மிடம் அது பெரும்பாலும் கவிதையின் வழியாகவே வந்து சேர்ந்தது. எம். ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்னும் மொழிபெயர்ப்புத் தொகுப்பு நம்மில் பலரிடம் தாள் நைந்து போகுமளவு கைமாறித் திரிந்தது. மஹ்மூத் தர்வீஷ் 1964இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே ‘ஒலிவ இலைகள்’. அம்மரத்தின் காயைக் கடித்தறியாமல், எண்ணெயின் மணம் தெரியாமல், அதற்காக நாம் நெகிழ்ந்திருக்கிறோம். அந்தக் காயை யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அவ்வாசிப்பில் எழவில்லை. கவிதை அதைக் கேட்கச் சொல்லவும் இல்லை.

இலண்டனில் மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் ஐவர் நாங்கள். அந்தக் கேள்வியை எங்கள் மேசைக்குக் கொண்டு வந்தது ஓர் எண்ணெய்ப் போத்தல். பிரித்தானியாவில் இரு பெண்கள் 2004இல் தொடங்கிய ‘ஸைத்தூன்’ என்ற நிறுவனம் மேற்குக் கரையிலிருந்து அதனைத் தருவிக்கிறது. இலாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் மீண்டும் அப்பணியிலேயே இடும் சமூக நல நிறுவனம் அது. பேரங்காடியில் கிடைக்கும் சாதாரண எண்ணெயைவிட விலை அதிகம். அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று கேட்டவர் எங்களில் கணக்காளராக இருப்பவர். அவர் கேட்டிராவிட்டால் நாங்கள் தர்வீஷைப் பற்றிப் பேசி முடித்துக் கலைந்திருப்போம்.

அவருக்கான விடையைத் தேடும்போது ஒலிவ விவசாயம் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள நேர்ந்தது. மேற்குக் கரையின் ஒலிவமரம் பெரும்பாலும் மானாவாரி. மழையை நம்பி, மலைச்சரிவில், கற்களை அடுக்கிக் கட்டிய படித்தளங்களில் நிற்பது. ஓராண்டு காய்த்துக் குலுங்கினால் மறு ஆண்டு மெலியும். குடும்பத்தின் வருமானமும் அப்படியே ஏறி இறங்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வீடு முழுவதும் தோப்பில் இருக்கும். 2000இல் இரண்டாம் இன்திஃபாதா தொடங்கியபின் சோதனைச் சாவடிகள் பெருகின. இஸ்ரேலுக்குள் கூலி வேலைக்குப் போய்வந்தவர்கள் பெருந்தொகையாக வேலை இழந்தார்கள். 2002இல் பிரிப்புச் சுவர் எழத் தொடங்கியது. எஞ்சியது மரம்தான். எண்ணெயை வெளியே கொண்டுபோய் விற்கும் வழிகள் அடைபட, உள்ளூர்ச் சந்தையில் தகரங்கள் தேங்கின. வணிகர் சொன்னதே விலையாயிற்று.

ஜெனின் பகுதியைச் சேர்ந்த நாசர் அபூஃபர்ஹா, அமெரிக்காவின் விஸ்கொன்சினில் மானிடவியல் பயின்றவர். அவர் 2004இல் பலஸ்தீன நியாய வணிகச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் எண்ணெயை வாங்கி ஏற்றுமதி செய்யும் ‘கனான்’ என்ற நிறுவனமும் அதே ஆண்டில் பிறந்தது. ஒலிவ எண்ணெய்க்கென்று நியாய வணிகச் சான்றிதழ் உலகில் எங்கும் அப்போது இல்லை. 2009இல்தான் ‘ஸைத்தூன்’ விற்ற பலஸ்தீன எண்ணெய், உலகிலேயே முதன்முதலாக அச்சான்றிதழைப் பெற்றது. ஏற்பாடு சிக்கலானதல்ல. சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே போகாத ஓர் அடிவிலை. அதற்கு மேல் கூட்டுறவுக்கு ஒரு தனித்தொகை. அத்தொகையை எதில் செலவிடுவதென்று விவசாயிகளே கூடித் தீர்மானிக்கும் உரிமை. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அச்சங்கத்தில் இருக்கின்றன.

இதில் எங்களைக் கவர்ந்தது விலையைவிடத் தரம் பற்றிய பிடிவாதம். பறித்த காயைச் சாக்கில் கட்டி நாட்கணக்கில் வைத்தால் சூடேறிப் புளிக்கும்; எண்ணெயின் அமிலம் கூடும். அமிலம் 0.8 விழுக்காட்டைத் தாண்டினால் முதல்தரம் என்ற பெயர் போய்விடும். ஆகவே காற்றோட்டமுள்ள பெட்டிகளில் அடுக்கி, தாமதமின்றிச் செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஒரு சாவடி மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் நடுவே முதல்தர எண்ணெயைத்தான் அனுப்புவோம் என்று நிற்பதில், இரக்கத்தால் எங்கள் பொருளை வாங்க வேண்டாம் என்ற ஒரு சொல்லாத சொல் இருப்பதாகப்பட்டது.

பூத்தையலின் கதை இதைவிடப் பழையது. நியாய வணிகத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஆரம்பப் பக்கங்களிலேயே பலஸ்தீனப் பெண்களின் ஊசி இருக்கிறது. மெனனைட் திருச்சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1946இல் புவெர்ட்டோ ரிக்கோவின் தையல் துணிகளைத் தம் மோட்டார் வண்டியில் வைத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவர் சேர்த்துக்கொண்டவற்றில் ஒன்று, 1948இல் வீடிழந்து அகதிகளான பலஸ்தீனப் பெண்களின் குறுக்குத்தையல். அம்முயற்சியே பிற்காலத்தில் ‘டென் தௌசண்ட் வில்லேஜஸ்’ என்ற கடைத்தொடராக வளர்ந்தது. காஸாவில் ஐ.நா. அகதிகள் முகமை 1950இல் தொடங்கிய ‘சுலாஃபா’ தையல் திட்டமும், பெய்ரூத்தில் 1969இல் முகாம் பெண்களுக்காகத் தோன்றிய ‘இன்ஆஷ்’ அமைப்பும் அடுத்து வந்தவை. ஜெருசலேமின் ‘சுன்புலா’ இத்தகைய சிறு குழுக்களின் கைவேலைகளைச் சேர்த்து விற்கும் ஓர் இல்லம்.

‘தத்ரீஸ்’ என்று வழங்கும் இத்தையலில் ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் மேலாடையைப் பார்த்தே அவள் ஊரைச் சொல்லிவிடலாமாம். சைப்ரஸ் மரம், பெத்லகேமின் நிலவு, பாஷாவின் கூடாரம் என்று கோலங்களுக்குப் பெயர்களுண்டு. அவ்வூர்களில் பல இன்று வரைபடத்தில் இல்லை. கோலம் முகாமில் இருக்கிறது. 1987இல் முதல் இன்திஃபாதா எழுந்தபோது, கொடியேற்றத் தடையிருந்த தெருக்களில், பெண்கள் கொடியின் நிறங்களை மேலாடையின் மார்பிலேயே தைத்து அணிந்தார்கள். யுனெஸ்கோ 2021இல் இக்கலையை மானுடத்தின் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் பட்டியலில் சேர்ந்த கலைக்குக் கூலி என்ன? ஒரு முழு மேலாடைக்கு மாதக்கணக்கில் ஊசி ஓட வேண்டும். அந்த மணிகளை எண்ணிக் கூலி கணக்கிட்டால் எவராலும் வாங்க இயலாத விலை வரும். ஆகவேதான் பணப்பை, நூற்குறி, தலையணை உறை என்று சிறு பொருட்கள். கலை சுருங்கிப்போனதாக வருந்துபவர்கள் உண்டு. நாங்கள் வருந்தவில்லை. மாதா மாதம் கையில் வரும் சிறுதொகை, அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் தொங்கும் ஒற்றை மேலாடையைக் காட்டிலும் பெரிது. ஆயினும் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், அந்த இவ்வளவைத் தீர்மானிக்கும் மேசையில் தைப்பவளுக்கும் ஒரு நாற்காலி உண்டா என்று கேட்க வேண்டும். நியாயம் என்ற சொல்லை அட்டையில் அச்சிடும் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

சென்ற ஆண்டு ஓர் இலக்கியக் கூட்டத்தில், புத்தக மேசைக்குப் பக்கத்தில் இப்பொருட்களுக்கும் ஒரு சிறு மேசை போட்டோம். எண்ணெய், ஸஅதர்ப் பொடி, ஃப்ரீக்கே, மஃப்தூல், நாப்லுஸ் சோப்பு. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலை தோசை சுடலாமோ?” என்று கேட்டார். “சுடலாம் அன்ரி, ஆனால் இந்தப் பொடியோடை குழைச்சுத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கோ” என்றார் எங்கள் நண்பர். ஸஅதரை விளக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது: ஒருவகைக் காட்டு மூலிகை இலை, எள், சுமாக் என்ற புளிப்புக் கனியின் தூள், உப்பு. அங்கே ரொட்டியை முதலில் எண்ணெயில் தோய்த்துப் பிறகு இப்பொடியில் ஒற்றி உண்பார்கள். நல்லெண்ணெயும் இட்லிப்பொடியும் அறிந்த நாவுக்கு வேறு முன்னுரை வேண்டியதில்லை. அந்த மூலிகையை 1977இல் இஸ்ரேல் பாதுகாக்கப்பட்ட தாவரமென அறிவித்தது. மலையில் கிள்ளிக்கொண்டு வந்தவர்கள் அபராதம் கட்டினார்கள். ஜுமானா மன்னாவின் ‘ஃபோரேஜர்ஸ்’ (2022) என்ற திரைப்படம் இதைப் பற்றியதுதான். ஃப்ரீக்கே என்பது பால் முற்றாத பச்சைக் கோதுமையை நெருப்பில் வாட்டி எடுப்பது. சமைக்கும்போது அடுப்படியில் புகை மணக்கும். சோப்பில் ஒலிவ எண்ணெய், நீர், காரம் மூன்றே. காய்ச்சிய குழம்பைத் தரையில் பரப்பி, வெட்டி, முத்திரையிட்டு, நடுவில் வெறுமை விட்டுக் கோபுரமாக அடுக்கி உலர்த்துவார்கள். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் இச்சோப்பும் சேர்ந்தது.

அன்று மாலை ஒரு வாக்குவாதமும் நடந்தது. கவிஞராகிய நண்பர் ஒருவர் மேசையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். துயரத்தைப் போத்தலில் அடைத்து விற்கிறீர்கள், வாங்குபவர் ஒரு போத்தலோடு மனச்சாட்சியையும் கழுவிக்கொள்கிறார் என்றார். புறந்தள்ளக்கூடிய குற்றச்சாட்டல்ல. கஃபிய்யாவின் கதையே அதற்குச் சான்று. ஹெப்ரோனில் 1961இல் தொடங்கிய ஹிர்பாவி நெசவாலை, அந்தக் கட்டம்போட்ட துணியை நாட்டிலேயே நெய்துவந்தது. 1990களில் இறக்குமதி திறந்துவிடப்பட, சீனத்து மலிவுத் துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2000களின் பின்பகுதியில் ஐரோப்பியத் தெருக்களில் அத்துணி ஒரு மோஸ்தராகத் திரிந்த நாட்களில், அதன் சொந்த ஆலை தத்தளித்துக்கொண்டிருந்தது. அடையாளத்தை அணிந்தவர்கள் அது எங்கே நெய்யப்பட்டது என்று பார்க்கவில்லை.

ஆயினும் நண்பருக்கு நாங்கள் சொன்ன மறுமொழி இதுதான். இந்தப் பொருளாதாரத்தை நாமோ ஐரோப்பியரோ கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. முதல் இன்திஃபாதாவின்போது பெய்த் சாஹூர் ஊரார் வீட்டுத் தோட்டம் போட்டார்கள், வரி கட்ட மறுத்தார்கள், இஸ்ரேலியப் பாலை வாங்காதிருக்க ஒரு கிப்புட்ஸிடம் பதினெட்டுப் பசுக்களை விலைக்கு வாங்கிச் சொந்தப் பால் கறந்தார்கள். அப்பசுக்கள் நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று இராணுவம் தேடியது, ஊரார் ஒளித்துவைத்தார்கள். ஆமிர் ஷோமாலி இணைந்து இயக்கிய ‘தி வாண்டட் 18’ (2014) இதைச் சிரிப்பும் கசப்புமாகச் சொல்கிறது. கறந்த பாலில் துயரம் எங்கே இருந்தது? தம் உணவைத் தாமே விளைத்து, தாம் சொல்லும் விலைக்கு விற்க வேண்டும் என்ற எளிய ஆசைதான் இருந்தது. கலிலேயாவில் அரபு, யூதப் பெண்கள் சேர்ந்து 1996 முதல் நடத்தும் ‘சிந்தியானா’வும் இவ்வகையே. நண்பர் முழுதும் இணங்கவில்லை. சோப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

இம்முறையால் ஆகாதவை பல. ஒஸ்லோ ஒப்பந்தங்களின் வழியே சி பகுதி என வகுக்கப்பட்டு, முழுக்க இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் இருப்பது மேற்குக் கரையின் ஏறத்தாழ 60 விழுக்காடு. சுவருக்கு அப்பால் மரம் வைத்திருப்பவர், வாயில் திறக்கும் சில நாட்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஏற்றுமதிச் சரக்கைக் கடவையில் ஒரு லாரியிலிருந்து இறக்கிச் சோதித்து, மறுபக்கத்து லாரியில் மாற்றி ஏற்றித்தான் துறைமுகம் சேர்க்க வேண்டும். அச்செலவும் போத்தலின் விலைக்குள் இருக்கிறது. எங்கள் கணக்காளரின் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இது. 2023 ஒக்டோபருக்குப் பின் அறுவடைக்குப் போக முடியாமல் மேற்குக் கரையில் 96,000 டூனத்துக்கும் மேற்பட்ட ஒலிவ நிலம் பறிக்கப்படாமல் கிடந்ததாக ஐ.நா.வின் மனிதாபிமான அலுவலகம் பதிவு செய்தது. ஒரு டூனம் 1,000 சதுர மீற்றர். அடிவிலை, சான்றிதழ், கூட்டுறவு எதுவும் அந்தக் காயைப் பறித்துத் தரவில்லை. காஸாவின் தையற்காரிகளைப் பற்றி எழுத முனைந்து இருமுறை நிறுத்திவிட்டோம். தைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு வீட்டின் வெளிச்சம் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கும் மேசை போடுவதென்று முடிவாகியிருக்கிறது. ஃப்ரீக்கேயை எவரும் வாங்கவில்லை, வேண்டாம் என்றார் கணக்காளர். சமைத்துக் கொண்டுவந்து ஒரு கரண்டி கொடுத்தால் வாங்குவார்கள் என்றார் மற்றொருவர். சமைக்கும் பொறுப்பு அவருக்கே விழுந்தது. தோசை அம்மா தொலைபேசியில் பொடி இரண்டு பை கேட்டிருக்கிறார். எண்ணெய் வேண்டாமாம், அது இன்னும் பாதி இருக்கிறதாம்.