ஸ்டீரிங் கனத்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்

பஸ் டிப்போவில் முப்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு டிராக்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒயரும் எர்த்தும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். எங்கள் திருவிடைமருதூர் பக்கம் பழைய ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரைக் கைமாற்றாக வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. போர்செட் உள்ளவர்கள் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். ஆடுதுறை 43 மாதிரி 110 நாள் ரகத்தின் நாற்றை 25 நாளுக்குள் பறித்து நட வேண்டும். நாற்று முற்றினால் தூர் குறையும், மகசூலும் குறையும். அந்தச் சமயத்தில் சேறடிக்கிற வண்டி நாலு நாள் படுத்துக்கொண்டால் நஷ்டம் மெக்கானிக் கூலியோடு போகாது.

போன குறுவைக்கு என் தங்கை மகன் வந்து நின்றான்.

"மாமா, ஸ்டீரிங் யூனிட்டே போச்சாம். மாத்த முப்பதாயிரத்துக்கு மேல ஆகும்ங்கறாங்க."

"இருப்பா. வயல்ல எப்படித் திரும்புது?"

"வயல்ல ஒண்ணும் இல்ல மாமா. ரோட்டுக்கு வந்தாத்தான் திருப்ப முடியல, இழுக்குது."

பாதி விடை அதிலேயே இருந்தது. ஃபோர் வீல் டிரைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும்படிதான் பல் கணக்கு வைத்திருப்பார்கள். சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொள்வதால் அது தெரியாது. தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். ஸ்டீரிங் கனக்கும், முன் டயர் தேயும். அதனால்தான் ரோட்டில் முன்சக்கர இழுவையைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும்.

"பட்டனை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டறேன், லைட்டும் எரியலையே" என்றான். லைட் பட்டனுக்குக் கட்டுப்பட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. லீவர் வைத்த வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. பட்டன் வைத்த சில வண்டிகளில் ஸ்பிரிங்தான் முன்சக்கரத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும். கரண்ட் போய் சோலனாய்டு வால்வைத் திறந்து, ஆயில் அழுத்தம் வந்தால்தான் அது விடும். கரண்ட் போகாவிட்டால் எப்போதும் ஃபோர் வீல்தான்.

முதலில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கு கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, சும்மா ஸ்டீரிங்கைத் திருப்பினோம். ஒரு விரலில் திரும்பியது. பம்பும் யூனிட்டும் அடியோடு போய்விடவில்லை என்று அர்த்தம். தூக்கிய பிறகும் கனத்திருந்தால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்பு என்று அந்த வழியில் போயிருப்போம். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதிலும் குறை இல்லையென்றால் கடைசியில்தான் யூனிட்.

பிறகு சோலனாய்டு பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 12 வோல்ட் காட்டியது. பையன் முகம் வாடிவிட்டது. நான் ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன், மினுக்கென்று மங்கலாக எரிந்தது. லோடு இல்லாமல் மீட்டருக்குக் காட்டுகிற வோல்ட்டை நம்பக் கூடாது. துருப்பிடித்த ஒயர்கூட 12 காட்டும். எர்த் ஒயரைத் தேடிப் போனால், சேஸில் முடுக்கிய இடத்தில் சேறு ஊறி லக் பச்சையாகப் பூத்திருந்தது. புது லக், ஒரு முழம் ஒயர், உப்புத்தாள், கிரீஸ். வண்டி அன்று சாயங்காலமே ரோட்டில் லேசாகத் திரும்பியது.

வெளிநாட்டில் பழைய பெரிய டிராக்டர்களில் செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே ஓட்டும் கருவியைப் பொருத்துகிறார்கள். அது பாம்பு மாதிரி வளைந்து ஓடினால் கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்கள். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டீரிங் ராடின் ஆட்டம், சக்கரக் கோணம் பார்க்கும் சென்சாரின் ஒயர், பேட்டரி எர்த் இவைதான். பந்து மூட்டு தேய்ந்திருக்கும்போது கருவியை எத்தனை முறை சரிப்படுத்தினாலும் நேராக ஓடாது.

சேறடித்து முடித்ததும் வண்டியைக் கழுவும்போது பிளக்குகளின் மேல் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். சம்பாவுக்கு இறக்குவதற்கு முன் எர்த் ஒயர்களைக் கழற்றித் தேய்த்துப் போடுங்கள். வைக்கோல் பக்கத்தில் நிறுத்தினால் எலி கடித்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அரை மணி வேலைதான்.