டேப்பில் இல்லாத பதில்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் இங்கே டல்லாஸில் பையனின் முதல் பிறந்தநாளை மினி டிவி கேமராவில் எடுத்தேன். ஒரு மணி நேர டேப் கணினியில் ஏறினால் சுமார் 13 ஜிபி. விண்டோஸ் மூவி மேக்கரில் வெட்டி ஒட்டி, பாட்டெல்லாம் சேர்த்து, 'ப்ராஜெக்ட்' ஃபைலை சிடியில் எழுதி வைத்தேன். புது லேப்டாப் வந்ததும் பழையதை ஃபார்மேட் செய்தாயிற்று. டேப்பிலும் வேறு எதையோ பதிந்தாயிற்று. பிறகு சிடியைத் திறந்தால் வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறி! அந்த ஃபைலில் வீடியோவே கிடையாது. வீடியோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்கிற விலாசம் மட்டும்தான். வீட்டை இடித்துவிட்டு விலாசத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன் :-)

அந்தச் சூடு மறக்காததால்தான், போன முறை திருவனந்தபுரம் போனபோது அலமாரியில் இருந்த வி.எச்.எஸ். கேசட்டுகளை எடுத்தேன். இங்கே கொண்டுவந்தும் பயனில்லை. நம்மூர் டேப் பால் முறை, அமெரிக்க டெக் என்டிஎஸ்சி. புது டெக் வாங்கலாம் என்றால், கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது: 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத டேப்புகள் பெரும்பாலும் தேறாது என்று.

எங்கள் ஊர் ஈரத்துக்கு அது இன்னும் சீக்கிரம். இடவப்பாதி முடிந்து மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போடக்கூடாது. ஹெட் கெடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். தம்பானூர் பக்கம் ஒரு கடைக்காரர் சுத்தம் செய்து மாற்றித் தந்தார். மூணு மணி நேர டேப்புக்கு மூணு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. "சத்தமெல்லாம் கரகரன்னு இருக்கு சார், எடுத்துட்டு நல்ல பாட்டா போட்டுத் தரட்டா?" என்றார். பதறிப்போய்த் தடுத்தேன்.

எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும். 1997 ஆற்றுகால் பொங்கல் அது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாசலில், மூணு செங்கல் வைத்து அம்மா பானை ஏற்றியிருக்கிறாள். துபாய் மாமாவின் கேமரா அப்பா கையில். அதனால் டேப் முழுக்க அப்பாவைப் பார்க்கவே முடியாது, குரல் மட்டும்தான். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அம்மாவும் நானும் டிவியில் போட்டுப் பார்த்தோம். "தீயைத் தணி, பொங்கி அடுப்பே அணைஞ்சிரும்" என்கிறார் அப்பா. அதோடு படம் கிழிந்து கோடு கோடாக ஓடுகிறது. அந்த இடத்தைப் பூஞ்சை தின்றிருந்தது.

"மக்கா, கொஞ்சம் நிறுத்து" என்றாள் அம்மா. "அதுக்கு நான், 'பொங்கத்தானே வச்சிருக்கு, நீங்க சும்மா இரிங்க'ன்னேன். பக்கத்து அடுப்பு வளையக்கடை ஆச்சி ஒரே சிரிப்பு."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஃபோனை எடுத்து ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, டேப்பை முதலிலிருந்து ஓட்டினேன். யார் எந்த வீடு, பச்சைப் புடவையில் நிற்பது யார், யார் இப்போது இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி ஒரு மணி வரைக்கும்!

பிறகு வழக்கமான வேலை. பழைய பென் டிரைவ் ஃபேட்32 என்பதால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்கவில்லை. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினேன். மூணு பிரதி: அம்மாவிடம் ஒன்று, பெங்களூரில் தங்கையிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. ஒவ்வொன்றையும் நடுவில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் 'முடிந்தது' என்றேன். வீடியோ இருக்கும் அதே ஃபோல்டரில் அம்மாவின் குரலும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் கேசட்டுகள் இருக்கும். அடுத்த லீவில் ஊருக்குப் போனால் மாற்றிவிடுங்கள். மாற்றியதும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், அம்மா அப்பாவை உட்கார வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். பக்கத்தில் ஃபோன் ரெக்கார்டரும் ஓடட்டும்.