தந்தையாரின் துளைப்பொறி

வாய் பேசாப் பொருள்களும் சில வேளைகளில் சாட்சி சொல்லும். அதனை உடன்பிறந்தார் நாங்கள் இருவரும் சென்ற ஆண்டில் கற்றுக்கொண்டோம்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்ப் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதைப் பலரும் அறிவர். வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகளில் கைவேலையாக வளர்ந்த தொழில் அது. எங்கள் தந்தையாரும் கொல்லைப்புறத்தில் அத்தகைய பட்டறை ஒன்று வைத்திருந்தார். அங்கிருந்த ஒரே மின்பொறி, மேசைமேல் நிறுத்திய டிரில்லிங் மிஷின்.

அவர் மறைந்தபின் அது சாக்குப் போர்த்தியபடி மூலையில் கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை பேசினார். கொடுத்துவிடவே எண்ணினோம். கைப்பிடியில் தந்தையாரின் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த பளபளப்பைக் கண்டபின் மனம் வரவில்லை. பழுது நீக்கத் துணிந்தோம்.

தூணில் படிந்த துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் அகற்றினோம். படிப்படியான புல்லிகள் நன்றாகவே இருந்தன. பெல்ட்டை மட்டும் மாற்றினோம். மெல்லிரும்புக்கு வெட்டுவேகம் நிமிடத்திற்கு 25 மீட்டர் எனக் கொண்டால், 6 மி.மீ. டிரில் பிட்டுக்கு ஏறத்தாழ 1,300 சுற்றுகள் வேண்டும், 12 மி.மீ. பிட்டுக்கு அதில் பாதி போதும். தந்தையார் இக்கணக்கை ஏட்டில் படித்தவரல்லர். இரும்பு அறுபடும் ஓசையைக் கேட்டே பெல்ட்டை இடம் மாற்றுவார்.

பேரிங்குகளில் 6204 என்றிருந்தது. இறுதி ஈரிலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை 20 மி.மீ. எனக் கிடைக்கும். புதியன வாங்கிப் பொருத்தினோம். ஆயினும் பிட்டின் முனை ஆடியது. லேத் பட்டறை நண்பரிடம் டயல் கேஜ் இரவல் பெற்றுச் சோதித்தோம். முள் 0.3 மி.மீ. அசைந்தது. ஸ்பிண்டிலின் கீழ்முனை கோணியிருந்தது. அதன்மேல் சுத்தியல் தழும்புகள் தெரிந்தன.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பள்ளிப் பருவத்துக் கோடை விடுமுறை ஒன்று நினைவுக்கு வந்தது.

சக்கின் தண்டு கூம்பு வடிவினது. ஸ்பிண்டிலின் கூம்புக்குழியில் உராய்வினாலேயே பற்றி நிற்கும். பக்கத்துளையில் ஆப்பைச் செருகி மெல்லத் தட்டினால் கழன்று விழும். அன்று தந்தையார் வெளியே சென்றிருந்தார். ஆப்பைத் தேடிக் காணாமல், பக்கவாட்டில் ஓங்கி அடித்துக் கழற்றினோம். சுத்தியல் பிடித்த கை எவருடையது என்று எழுதப் போவதில்லை. குற்றம் இருவருக்கும் பொது. மீண்டும் மாட்டி வைத்துவிட்டு வாய் திறவாதிருந்தோம்.

அதற்குப் பின்னர்தான், தந்தையார் துளையைச் சற்றுச் சிறிதாகவே இட்டு, உருண்டை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். ஆணித்துளை அகன்றால் பூட்டின் லிவர் ஆடும். ஆடும் லிவருக்கு அயல் சாவியும் பொருந்திவிடக்கூடும். அவருடைய செயலை மிகையான நுணுக்கம் என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. எத்தனை பூட்டுகள், எத்தனை துளைகள்! அத்தழும்புகளை அவர் காணாதிருந்திருக்க இயலாது. ஒருநாளும் கேட்டாரில்லை.

இ.என்.8 எஃகில் புதிய ஸ்பிண்டில் கடைந்து வாங்கினோம். முதல் துளையில் ஆணி அரம் படாமலே அமர்ந்தது. மகிழ்ச்சிக்கு மாறாகக் கண் கலங்கிற்று. அவர் உயிரோடிருந்த காலத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால், ஒரு லேத் பட்டறையில் முடிந்திருக்கும் வேலை இது.

இப்போது அந்த ஆப்பைச் சங்கிலியிட்டுத் தூணிலேயே கட்டியிருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் பட்டறைக்குள் வரத் தொடங்கியுள்ளனர். எதை உடைத்தாலும் வந்து சொல்லுங்கள் என்பதே அவர்களுக்கு நாங்கள் கற்பித்த முதல் பாடம். தந்தையாரின் பொறுமை பெரிது. ஆனால் அவருடைய உழைப்பைத் தின்றது எங்கள் மௌனம்.