விளக்கணைத்த பிறகும் படிக்க

அம்மாடி,

முதல் சம்பளத்தில் ஓர் இ-ரீடர் வாங்கப் போகிறேன், பத்தாயிரத்துக்குள் எது நல்லது என்று கேட்டிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அதனால்தான் போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எந்தப் பொருளை வாங்கினாலும், அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் கையில் எடுக்கப் போகிறோம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். விலையும் கம்பெனியும் அதற்குப் பிறகு. உன் விடுதி அறையில் மூன்று பேர். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அதிகாலை ஷிப்டுக்குப் போகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நீ படிக்கப் போவது அந்தப் பத்து மணிக்குப் பிறகு, கொசுவலைக்குள், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு. கடைக்காரன் காட்டுகிற பத்து வசதிகளில் இந்த ஒரு மணி நேரத்துக்கு உதவுகிறவை இரண்டோ மூன்றோதான். மற்றவற்றுக்குக் காசு கொடுக்காதே.

போன் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று உன் அப்பா கேட்பான். அவனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். போன் திரை உள்ளிருந்து வெளிச்சத்தை நேராகக் கண்ணுக்குள் அனுப்புகிறது. அதில் நீல ஒளி அதிகம். இன்னும் பகல்தான் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள் 12 பேரைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். தூங்குவதற்கு முன் நான்கு மணி நேரம், சில இரவுகள் ஐபேடில் படிக்கவைத்தார்கள், சில இரவுகள் அச்சுப் புத்தகத்தில். ஐபேடில் படித்த இரவுகளில் தூக்கம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் கூடுதலாக ஆயிற்று. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு பாதிக்கும் கீழே போனது, மறுநாள் காலையில் மந்தமும் இருந்தது. சிறிய ஆய்வுதான், ஐபேடின் வெளிச்சமும் முழுதாக வைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் போனைப் பொறுத்தவரை எனக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய கவலை வேறு. நாலு பக்கம் தாண்டுவதற்குள் ஒரு செய்தி வந்து விழும், கதை அங்கேயே நின்றுபோகும். ஒன்றும் வராத ஒரு கருவியில் படி. அதற்காகவே தனியாக ஒன்று வாங்கலாம்.

இ-ரீடரின் திரை வேறு வகை. தலைமுடியின் பருமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் அதில் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள் இரண்டும் உண்டு, ஒன்றுக்கொன்று எதிரான மின்னேற்றத்தோடு. மின்சாரம் கொடுத்தால் ஏதோ ஒன்று மேலே வரும். வந்தது வந்த இடத்திலேயே நிற்கும். பக்கம் மாறும்போதுதான் மறுபடி மின்சாரம் வேண்டும். ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுவது அதனால்தான். இந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஓரங்களில் சின்ன எல்.இ.டி.க்களை வைத்து, திரையின் மேற்பரப்பில் ஒளியைப் பரவவிடுகிறார்கள். அந்த ஒளி எழுத்தில் பட்டுத் திரும்பித்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அடியோடு குறைத்து வைத்தால் பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியாது. உன் பாட்டிக்கு அறையில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் தூக்கம் கலைந்துவிடும், தெரியுமல்லவா? நான் படித்துக்கொண்டிருப்பேன், அவள் நிம்மதியாகத் தூங்குவாள். மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வருகிற ஈசல் தொல்லையும் இதில் குறைவு.

இப்போது விலைக்கு வருகிறேன். அமேசானின் இ-ரீடரான கிண்டில் முதன்முதலில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வந்தபோது விலை 399 டாலர். அதில் விளக்கே இல்லை. 2012-இல் பேப்பர்வைட் என்று விளக்கோடு ஒன்று வந்தது. ஆக மலிவான கிண்டிலுக்கு அந்த விளக்கு 2019-இல்தான் கிடைத்தது. உயர்ந்த ரகத்தில் முதலில் வருவது சில வருடம் கழித்து எளிய ரகத்துக்கும் வந்துவிடுகிறது. பொறுமையாக இருப்பவர்களுக்கு அதே பொருள் குறைந்த விலையில் கிடைக்கிறது. இந்தப் பொறுமையை நீ வீடு வாங்குகிற வயது வரைக்கும் கைவிடாதே.

7 அங்குல பேப்பர்வைட் 2025-இல் இங்கே வந்தபோது விலை 16,999 ரூபாய். உன் கணக்குக்கு மேலே போகிறது. கடன் அட்டையில் தவணை போட்டு வாங்கலாம் என்று தோழிகள் சொல்வார்கள். வேண்டாம். படிப்பதற்கு வாங்குகிற பொருள் மாதாமாதம் கடனை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கக் கூடாது. கோபோ என்ற இன்னொரு இ-ரீடரும் நல்ல கருவிதான். ஆனால் இங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை, பழுதானால் யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

ஆகவே பழையது பார். ஆசையாக வாங்கிவிட்டுப் படிக்காமல் அலமாரியில் போட்டுவைத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அவர்கள் விற்கும்போது கீறல் கூட இருக்காது. என் யோசனை 2018-ஆம் வருடத்துப் பேப்பர்வைட். 6 அங்குலத் திரை, எடை 182 கிராம். பேசி வாங்கினால் பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். 2021-ஆம் வருடத்தது கிடைத்தால் இன்னும் விசேஷம். வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு, இரவுக்கு இதமாக இருக்கும். எடை 205 கிராம்.

எடையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் மேஜையில் வைத்துப் படிக்கும்போது இருபது கிராம் கூடுவது ஒன்றுமில்லை. படுத்துக்கொண்டு ஒரே கையில் அரைமணி நேரம் பிடித்தால் கட்டைவிரல் அடியில் வலி எடுக்கும். தோல் உறை போட்டால் எடை இன்னும் ஏறும். உறை பையில் எடுத்துப் போவதற்கு இருக்கட்டும், படுக்கையில் கழற்றிவிடு.

இன்னொன்று, இதை இங்கிலீஷ் மட்டும் படிக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். என்னிடம் இருப்பது 2019-இன் சாதாரணக் கிண்டில், திரையின் துல்லியம் அங்குலத்துக்கு 167 புள்ளி. இங்கிலீஷுக்கு அது போதும். தமிழ் எழுத்தைச் சின்னதாக வைத்தால் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி மங்கிப்போகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் தெளிவு வருகிறது. ஆனால் நம் சொற்கள் நீளமானவை. ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், இருபுறமும் சமமாக இழுத்துக் கட்டும்போது நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். அமைப்பில் போய் இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு என்று மாற்றிக்கொண்டேன், பிறகு கண்ணுக்கு நிம்மதி. நான் வாங்கச் சொல்லும் பேப்பர்வைட்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி, சின்ன எழுத்தும் அச்சுப்போலத் துலங்கும். தமிழ் படிக்கிறவள் இந்த ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே.

வாங்கும்போது நேரில் போ, அண்ணனையும் அழைத்துக்கொண்டு போ. இருட்டான இடத்தில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிப் பார், திட்டுத் திட்டாகத் தெரிந்தால் வேண்டாம். கோடு ஏதும் நிலையாக நின்றாலும் வேண்டாம். பத்து இருபது பக்கம் தள்ளிப் பார்த்து பேட்டரி சட்டென்று இறங்குகிறதா என்று கவனி. எல்லாவற்றையும்விட முக்கியம், விற்பவர் தன் கணக்கை அதிலிருந்து நீக்கி, உன் கணக்கு ஏறுகிறது என்பதை உன் கண்ணெதிரே காட்டிய பிறகே பணம் கொடு. யாரோ தொலைத்த கருவியாக இருந்தால் அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

புத்தகத்துக்கு முதலில் செலவே இல்லை. பாரதி, புதுமைப்பித்தன், கல்கி எல்லாரும் நாட்டுடைமை ஆனவர்கள். மதுரைத் திட்டம் 1998-இலிருந்து தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்காலத்து எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுத்த நூல்களும் உண்டு. பெயர் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் ராத்திரிகளைக் கொடுத்து ஏற்றிவைத்த எழுத்து அது. நன்றியோடு படி. எடுக்கும்போது இபப் (EPUB) கோப்பாக எடு. 2022-இலிருந்து கிண்டிலுக்கு அனுப்பும் வசதியிலேயே அது ஏறிவிடுகிறது. ஸ்கேன் செய்த பி.டி.எப். கோப்பை 6 அங்குலத்தில் படிக்கப் பார்க்காதே. பக்கம் முழுதும் தெரியும், எழுத்து எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளவேண்டும். அப்படிப்பட்ட நூல்களை நூலகத்திலோ கணினியிலோ படித்துக்கொள்.

காசு கொடுத்து மின்நூல் வாங்கும்போது ஒன்றை மனதில் வை. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்ற பதிப்பு என்று தெரிந்ததும், ஆர்வெலின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தானாகவே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கம்பெனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் ராத்திரி வைத்த புத்தகம் காலையில் இல்லை. மின்நூலுக்கு நாம் கொடுக்கும் பணம் படிக்கும் அனுமதிக்கு மட்டுமே. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் எடுத்துவிட்டார்கள்.

அதனால் நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன். ஒருமுறை படித்தால் போதும் என்பவை, கை தாங்காத கனமான நாவல்கள், ஊருக்குப் போகும்போது வேண்டியவை எல்லாம் கருவியில். மறுபடி மறுபடி எடுக்கிற புத்தகம், ஓரத்தில் பென்சிலால் குறித்து இன்னொருவர் கையில் கொடுக்க நினைக்கிற புத்தகம் என்றால் காகிதத்தில். மிச்சமாகும் பணத்தை ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு எடுத்து வை. கருவி கைக்கு வந்ததும் புத்தகங்களை ஏற்றிவிட்டு வைஃபையை அணைத்துவிடு, பிறகு ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் தொடங்கு. எந்த அத்தியாயம் வரை வந்திருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல், நானும் அங்கிருந்தே மறுபடி படிக்கிறேன்.

தாத்தா