விலை சரி, எத்தனைக்கு?

ஒரு ஷேர் என்ன விலைன்னு கேட்டா எல்லாரும் ஒத்தை நம்பர்தான் சொல்வாங்க. "412 ரூபா." டிவியில் கீழே ஓடுறதும் அதுதான், போன்ல தெரியறதும் அதுதான். ஆனா அது நமக்குக் கிடைக்கப் போற விலை இல்லைங்க. கடைசியா யாரோ வித்து யாரோ வாங்கின விலை. அந்த வியாபாரம் ஒரே ஒரு பங்குக்கு நடந்திருக்கலாம், அரை மணி நேரம் முன்னாடி நடந்திருக்கலாம்.

விக்கணும்னா பாக்க வேண்டியது அதுக்குக் கீழே இருக்கிற குட்டி அட்டவணையை. ஒரு பக்கம் பிட், வாங்க வந்தவங்க கேக்குற விலை. இன்னொரு பக்கம் ஆஸ்க் (சில இடத்துல ஆஃபர்னு போட்டிருக்கும்), விக்க வந்தவங்க சொல்ற விலை. ஒவ்வொரு விலைக்கும் பக்கத்துல ஒரு எண் இருக்கும் பாருங்க, அந்த விலையில எத்தனை பங்குன்னு. நம்மில் பலபேர் கண்ணு விலையோட நின்னுடும். (அமெரிக்கால வெகுகாலம் இந்த எண்ணை நூறு நூறாச் சொல்ற வழக்கம், 5னு இருந்தா 500 பங்கு. நம்ம ஊர்ல அந்தக் குழப்பம் இல்லை, 5னா 5தான்.)

பைக்காராவில எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு மாமா. மின்வாரியத்துல ரிட்டயர் ஆனவர். அவங்கப்பா வாங்கிப் போட்ட ஒரு சின்ன கம்பெனி ஷேர் 500 அவர் பேருக்கு வந்திருந்தது. அத்தைக்கு முட்டி ஆபரேஷன். கோயமுத்தூர்ல தேதி குறிச்சாச்சு, ரெண்டு லட்சம் வேணும். 412ஐ 500ஆல பெருக்கி 2,06,000னு காலண்டர் தாள்ல எழுதியே வச்சிருந்தார்.

"மொத்தத்தையும் மார்க்கெட் ரேட்டுக்குத் தட்டி விட்டுடு தம்பி."

மழையில சிக்னல் போய்ப் போய் வந்துச்சு. வந்தப்போ அட்டவணையைத் திறந்து காட்டினேன். வாங்குற பக்கம் 411.50க்கு 18 பங்கு. 410க்கு 40. 408க்கு 25. 402க்கு 60. 396க்கு 100. ஆக மொத்தம் 243, அதுக்கு வர்ற பணம் 97,727 ரூபா. போன்ல தெரியறது இந்த அஞ்சு வரிசைதான். மீதி 257 பங்கும் 396க்குக் கீழே, நமக்குத் தெரியாத விலைக்குப் போயிருக்கும். மார்க்கெட் ஆர்டர் போட்டா அதுதான் நடக்கும். மேல் வரிசையைத் தின்னுட்டு அடுத்ததுக்கு இறங்கிட்டே இருக்கும். பெரிய கம்பெனி ஷேர்னா ஒவ்வொரு வரிசையிலயும் நூத்துக்கணக்கில, ஆயிரக்கணக்கில ஆள் நிப்பாங்க, 500 போறதே தெரியாது. சின்னதுல தெரியும்.

நான் இன்னும் விளக்கறதுக்குள்ள மாமாவே சொல்லிட்டார்: "நம்ம மேட்டுப்பாளையம் மண்டி மாதிரிதானே? கேத்தியில மச்சான் கேரட் போடறான். இன்னிக்கு இன்ன விலைன்னு சொல்வாங்க. அது முதல்ல ஏலம் போன நாலு மூட்டைக்கு. லாரி பூரா அந்த விலைக்கா எடுப்பான்?" இதைவிட நல்லா எனக்குச் சொல்ல வந்திருக்காது.

சரி, விலை குறிச்சு லிமிட் ஆர்டர் போடலாம். 410க்கு 500னு ஒரேயடியா போட்டா? அன்னிக்கு விக்கிற பக்கம் மொத்தமே 70 பங்குதான் நின்னுச்சு. அதுக்கு நடுவுல திடீர்னு 500 வந்து நின்னா, வாங்க வந்தவன் 'யாரோ அவசரமா விக்கிறான்'னு தன் விலையைக் குறைச்சுடுவான். அவன் அப்படி நினைச்சா தப்பும் இல்லை, அவசரம்தானே! இதுக்குன்னே 'டிஸ்க்ளோஸ்டு குவாண்டிட்டி'ன்னு ஒரு கட்டம் ஆர்டர்ல இருக்கு. என்எஸ்இயில ஆர்டரோட பத்து சதவீதமாவது வெளியே காட்டணும், மீதியை மறைச்சு வைக்கலாம். 500ல 50 மட்டும் தெரியும், அது வித்ததும் அடுத்த 50 வந்து நிக்கும். ஆக, நாம பாக்குற எண்ணுக்குப் பின்னாடியும் இப்படி மறைஞ்சு நிக்கிறவங்க இருக்கலாம்.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும், எண் பெருசா இருக்கும், ஆளே இருக்காது. லண்டன் ஹவுன்ஸ்லோவில அப்பா அம்மா வீட்டுல இருந்துகிட்டே அமெரிக்க ஃபியூச்சர்ஸ்ல வியாபாரம் பண்ணின நவீந்தர் சிங் சராவ், பெரிய பெரிய விற்பனை ஆர்டரா போட்டு, நிறைவேறுறதுக்கு முன்னாடி ரத்து பண்ணிடுவார். 2010 மே 6ஆம் தேதி அமெரிக்கச் சந்தை சில நிமிஷத்துல சரிஞ்சுதே, அதுக்கு இவரும் ஒரு காரணம்னு 2015ல கைது பண்ணினாங்க. 2016ல ஒத்துக்கிட்டார், 2020ல ஒரு வருஷம் வீட்டுக்காவல். நம்ம செபியும் 2025 ஏப்ரல்ல இதே மாதிரி புகார்ல ஒரு நிறுவனத்துக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு. அதனால வாங்குற பக்கம் 50,000னு பாத்ததும் 'ஆஹா, ஏறப் போகுது'ன்னு குதிக்க வேண்டாம். ரத்து பண்ண ஒரு நொடி கூட ஆகாது.

மாமா ஆறு நாள்ல 380 பங்கு வித்தார். சராசரி 409 கிட்ட வந்துச்சு. இப்பல்லாம் வித்த மறு வேலைநாளே கணக்கு முடிஞ்சுடுது, அதனால பணம் தேதிக்குள்ள வந்துடுச்சு. குறைஞ்சதுக்கு அத்தையோட வளையல் ரெண்டு பேங்குக்குப் போச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, இப்ப கம்பு இல்லாம நடக்கிறாங்க.

மிச்சம் 120 பங்கை மாமா அவசரமில்லாம வச்சிருக்கார். தினம் காலையில 9.15க்கு சந்தை திறந்ததும் 414க்கு ஒரு ஆர்டர் போடுவார், சாயங்காலம் அது தானா ரத்தாகிடும். அந்த ஷேரோட ஆஸ்க் பக்கத்துல 414, 120னு தெரிஞ்சா, அது மாமாதான்.