புரொப்பெல்லரை மாத்திப் பாருங்க

"வேகம் வேணும்னா பெரிய எஞ்சினா மாட்டு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். என் ரேடியோ கன்ட்ரோல் விமானத்தில் இருந்த 7.5 சிசி குளோ எஞ்சினைக் கழற்றிவிட்டு 10 சிசி பூட்டினேன். மூக்கு கனத்தது. அதைச் சரிக்கட்ட வாலில் ஈயம் வைத்தேன். மொத்த எடையும் ஏறியது, தரையிறக்கமோ கல்லைப் போட்ட மாதிரி!

பழைய எஞ்சினுக்கே திரும்பி, புரொப்பெல்லரை மட்டும் மாற்றினேன். 11x6 என்றால் விட்டம் 11 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னே போகும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் கணக்குப்படி மணிக்கு 110 கி.மீ. அந்தச் சுற்றில் அதற்கு மேல் அது இழுக்காது, எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தாலும்.

9x8 போட்டேன். விட்டம் குறைந்ததால் எஞ்சின் 14,000 தொட்டது. இப்போது கணக்கு 170 கி.மீ. காற்றின் தடையில் நிஜ வேகம் இதைவிடக் குறையும். புறப்பாட்டில் இழுவையும் குறைவு, ஓடுபாதை நீளமாக வேண்டும். கையால் எறிந்து பறக்க விடுபவர்கள் யோசித்துப் போடுங்கள்.

இன்னொன்று: காற்றில் போனதும் சுமை குறைந்து சுற்று இன்னும் கூடும், எரிபொருள் கலவை மெலியும். தரையிலேயே ஊசி வால்வைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். விளிம்பு கீறிய புரொப்பெல்லரை ஒட்டிப் போடாமல் குப்பையில் போடுங்கள்.