கடலை நோக்கிய செங்கட்டடம்

சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்துள்ள இராசாசி சாலையில், கிழக்கு முகமாய் நிற்கும் செந்நிற மாளிகை ஒன்று உண்டு. வளைவுகளும் மாடமுகப்புகளும் உச்சியிற் சிறு குவிமாடங்களும் கொண்ட அதனை முதன்முறை காண்போர் அரண்மனை என்றே எண்ணுவர். அஃது அரண்மனையன்று; வங்கி. 1843-இல் தோன்றிய சென்னை வங்கி, விக்டோரியா அரசியாரின் ஆட்சிக்காலத்தில், 1897-இல் எழுப்பிய கட்டடம் அது.

பணம் வாங்கிப் பணம் கொடுக்கும் தொழிலுக்கு இத்துணைப் பெருங்கட்டடம் எதற்கு? அந்நாளில் வங்கி முறிந்தால், பணம் போட்டவரைக் காப்பார் ஒருவருமிலர். வைப்புத்தொகைக் காப்பீடு நம் நாட்டில் 1962-இல்தான் வந்தது. ஆகவே, உம்முடைய பொருள் எம்மிடம் பத்திரமாய் இருக்கும் என்பதை வங்கிகள் தம் சுவர்களைக் கொண்டே சொல்ல நேர்ந்தது. இலண்டன் மாநகரத்து வங்கிகளும் இவ்வாறே செய்தன. அங்கே பிஷப்ஸ்கேட் தெருவில், ஜான் கிப்சன் என்பார் 1865-இல் அமைத்த நேஷனல் பிராவின்சியல் வங்கி மாளிகை, கொரிந்தியத் தூண்கள் அணிவகுக்க, பழைய உரோமானியக் கோயில்போல் இன்றும் நிற்கிறது.

சென்னை வங்கியோ உரோமாபுரியின் கோலத்தை நாடவில்லை. இராசபுத்திர நாட்டு மாளிகைகளின் தூண், வளைவு, பலகணி ஆகியவற்றை வரைந்து, செய்ப்பூர்த் தொகுதிகளாக 1890 முதல் வெளியிட்டவர் சுவிண்டன் ஜேக்கப். அவரே இவ்வங்கிக்கும் வரைபடம் வகுத்தார். ஹென்றி இர்வின் அதனைச் செப்பம் செய்தார். ஆங்கிலேயர் நடத்திய வங்கி இந்திய உடை பூண்டது இப்படித்தான். அவ்வுடையில் ஆளுவோரின் பெருமிதமும் கலந்திருந்தது என்பது என் கருத்து.

ஆயினும் என் உள்ளம் மிகுதியும் நாடுவது, அதனைக் கட்டிய கைகளையே. கட்டுமானப் பொறுப்பை ஏற்றவர், உயர்நீதிமன்றத்தையும் கட்டிய நம்பெருமாள் செட்டியார். செங்கல் வளைவு கட்டுவது எளிய வேலையன்று. கீழே மரச்சாரம் நிறுத்தி, இருபுறமிருந்தும் கற்களை அடுக்கி வருவர். நடுவில் முடிகல் செருகும்வரை வளைவுக்குத் தன்பலம் இல்லை. செருகியபின் சாரத்தைப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின்மேற் சாய்ந்தே நிற்கும். அந்தக் கொத்தர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டில் தேடுவது?

பெரிய கட்டடம் இருந்தால் பணம் பத்திரம் என்று நம்பிய சென்னை மக்கள் 1906 அக்டோபரில் திடுக்கிட்டனர். அர்பத்நாட் என்னும் பேர்பெற்ற வணிக நிறுவனம் அன்று முறிந்தது. வாழ்நாளெல்லாம் சேர்த்ததை அதனிடம் ஒப்படைத்திருந்த குடும்பங்கள் பல, தம் பொருளை இழந்து தவித்தன. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

சென்னை வங்கி அப்புயலில் வீழவில்லை. 1921-இல் வங்காள, பம்பாய் வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. 1955-இல் ஸ்டேட் வங்கியாயிற்று. முகப்பிலிருந்த பெயர் இருமுறை மாறியும், செட்டியாரின் செங்கற் சுவர்கள் துறைமுகத்தின் உப்புக்காற்றை எதிர்கொண்டு நிற்கின்றன.